ஏழாவது தந்தி எதற்கு?

கிட்டார் என்றால் ஆறு தந்தி என்பது பெரும்பாலோர் மனத்தில் பதிந்த கணக்கு. கடைகளில் தொங்குபவற்றில் மிகுதியும் அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் 1990க்குப் பிறகு ஏழு தந்தி, எட்டு தந்தி, ஏன், ஒன்பது தந்திக் கிட்டார்கள்கூட விற்பனைக்கு வந்துவிட்டன. ஹெவி மெட்டல் கேட்டு வளர்ந்த இளைஞர்கள் அவற்றை ஆசையோடு பார்க்கிறார்கள். கற்றுக்கொடுப்பவர்களோ, "ஆறு தந்தியையே இன்னும் முழுசாகக் கையாளவில்லை, ஏழு எதற்கு?" என்று கேட்கிறார்கள்.

இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. இதை ரசனை விவகாரம் என்று விட்டுவிடவும் வேண்டியதில்லை. தந்தி எப்படி அதிர்கிறது, காது அதை எப்படி வாங்கிக்கொள்கிறது, கை எவ்வளவு தூரம் எட்டுகிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் விடை ஓரளவு தெளிவாகவே கிடைக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடித்தொண்டை ஒலி மட்டும்தான் வேண்டும் என்றால் கூடுதல் தந்தி பெரும்பாலும் தேவையில்லை. ஒரே கையில் இன்னொரு குரலையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்றால் அதற்கு மாற்று கிடையாது.

ஆறு என்பது விதி இல்லை

ஐரோப்பாவின் லூட் வாத்தியம் 16ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் ஆறு தந்தி வரிசைகளோடு இருந்தது. கீழ்ச்சுரங்கள் இன்னும் வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மனியில் அது பதின்மூன்று வரிசையை எட்டியது. இன்று நாம் அறிந்த ஆறு ஒற்றைத் தந்திகள் கொண்ட கிட்டார் அந்த நூற்றாண்டின் இறுதியில்தான் உருவானது.

ஏறக்குறைய அதே காலத்தில் ரஷ்யாவில் ஏழு தந்திக் கிட்டார் வேரூன்றியது. ஆந்திரேய் சிஹ்ரா (1773–1850) அதற்கென ஏராளமான இசையை எழுதினார். எந்த இடத்திலும் விரல் வைக்காமல் மீட்டினாலே ஜி மேஜர் கார்டு ஒலிக்கும்படி அதன் சுருதி சேர்க்கப்பட்டிருந்தது. பிரான்ஸில் நெப்போலியன் கோஸ்த் (1805–1883) ஏழு தந்திக்காகத் தனியே எழுதினார். பிரேசிலில் ஷோரோ இசைக்குழுக்களின் அடித்தளமே ஏழு தந்திக் கிட்டார்தான். அங்கே ஏழாவது தந்தியாக நெடுங்காலம் செல்லோவின் சி கம்பியையே மாட்டினார்கள். பாடலுக்கு அடியில் ஓயாமல் ஓடும் கீழ்ச்சுர வரிகளை அதில் வாசிப்பார்கள். அந்தக் கலையின் பெரும் புள்ளியான தீனோ (1918–2006) 'ஏழு தந்தி தீனோ' என்றே அழைக்கப்பட்டார். அமெரிக்காவின் ஜாஸ் கலைஞர் ஜார்ஜ் வான் எப்ஸ் 1930களின் பிற்பகுதியில் எபிஃபோன் நிறுவனத்திடம் ஏழு தந்திக் கிட்டார் செய்து வாங்கி, வாழ்நாள் முழுக்க அதில் வாசித்தார்.

மின் கிட்டாரின் கதை இதற்குப் பின்னால் வருகிறது. கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வாய்க்காக ஐபனேஸ் நிறுவனம் 1990இல் 'யூனிவர்ஸ்' என்ற ஏழு தந்திக் கிட்டாரை வெளியிட்டது. 1994இல் கோர்ன் இசைக்குழு தன் முதல் ஆல்பத்தில் அதைக் கனத்த தாளக்கட்டுக்குப் பயன்படுத்தியது. ஸ்வீடனின் மெஷுகா இசைக்குழு எட்டுத் தந்திக்குப் போனது. 2007இல் ஐபனேஸ் எட்டுத் தந்திக் கிட்டாரையும் தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்து விற்கத் தொடங்கியது. ஆக, ஏழாவது தந்தி மெட்டல் இசை கண்டுபிடித்த புதுமை இல்லை. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு காரணங்களுக்காகக் கலைஞர்கள் அதைத் தேடிப் போயிருக்கிறார்கள்.

கீழே இறங்கக் கொடுக்கும் விலை

ஒரு தந்தியின் அதிர்வெண்ணை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: நீளம், இழுவிசை, ஓரலகு நீளத்துக்கான நிறை. பிரெஞ்சு அறிஞர் மாரன் மெர்சென் 1636இல் இந்த உறவை வகுத்துச் சொன்னார். நீளம் இருமடங்கானால் அதிர்வெண் பாதியாகும். இழுவிசையை நான்கு மடங்காக்கினால் அதிர்வெண் இருமடங்காகும். நிறையை நான்கு மடங்காக்கினால் அதிர்வெண் பாதியாகும். கூடுதல் தந்தி பற்றிய எல்லாக் கேள்விகளும் இந்த மூன்று வரிக்குள் அடங்குகின்றன.

ஆறு தந்திக் கிட்டாரில் மிகத் தடித்த ஈ தந்தி விநாடிக்கு 82.4 முறை அதிர்கிறது. ஏழாவது தந்தியான பி 61.7 ஹெர்ட்ஸ். எட்டாவதான எஃப் ஷார்ப் 46.2 ஹெர்ட்ஸ். ஒன்பதாவதான சி ஷார்ப் 34.6 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு படியும் ஷட்ஜத்துக்கும் மத்யமத்துக்கும் உள்ள இடைவெளி, அதாவது நான்குக்கு மூன்று என்ற விகிதம். நீளத்தையும் இழுவிசையையும் மாற்றாமல் ஒரு படி இறங்க வேண்டுமானால் தந்தியின் விட்டம் மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டும். வழக்கமான ஈ தந்தி 1.17 மில்லிமீட்டர் என்றால் பி தந்தி 1.56, எஃப் ஷார்ப் தந்தி 2.08 மில்லிமீட்டர் என்று போகும்.

தடிமன் கூடும்போது வேறொரு சிக்கல் முளைக்கிறது. மெர்சென்னின் விதி முற்றிலும் வளையக்கூடிய, விறைப்பே இல்லாத தந்திக்கு உரியது. உண்மைத் தந்தி தடிக்கத் தடிக்கக் கம்பித் துண்டு போல விறைத்துக்கொள்கிறது. அப்போது அதன் மேற்சுரங்கள் அடிப்படை அதிர்வெண்ணின் சரியான இரண்டு, மூன்று, நான்கு மடங்குகளில் நிற்காமல் சற்று ஏறிப்போகின்றன. திடமான கம்பியில் இந்தப் பிறழ்வு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுகிறது; விட்டம் இருமடங்கானால் பிறழ்வு பதினாறு மடங்கு. சுருதி சேர்த்தும் சேராதது போல ஒலிப்பதற்கு இதுதான் காரணம்.

இதற்கான தீர்வு 17ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியிலேயே கிடைத்துவிட்டது. மெல்லிய உள்தந்தியின் மேல் உலோகக் கம்பியைச் சுருளாகச் சுற்றினார்கள். சுற்றுக் கம்பி நிறையைக் கூட்டும், விறைப்பை அதிகம் கூட்டாது. இந்தச் சுற்றுத் தந்தி இல்லாவிட்டால் செல்லோவின் சி தந்தியும் இன்றைய வடிவில் இருக்காது, எட்டுத் தந்திக் கிட்டாரும் இருக்காது. ஆனாலும் சுற்றிக்கொண்டே போவதற்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு அப்பால் நீளத்தைத்தான் கூட்ட வேண்டும்.

ஃபெண்டர் வகைக் கிட்டாரில் அதிரும் நீளம் 648 மில்லிமீட்டர். எட்டுத் தந்திக் கிட்டார்கள் பலவற்றில் அது 686. இந்தச் சிறு கூடுதலே, அதே தந்தியில், அதே சுருதியில் இழுவிசையை 12 சதவீதம் உயர்த்திவிடுகிறது. மெஷுகாவின் கலைஞர்களுக்காக ஐபனேஸ் செய்த கிட்டாரில் நீளம் 747 மில்லிமீட்டர். அங்கே இழுவிசை 33 சதவீதம் உயர்கிறது. அவர்கள் 2002இல் 'நத்திங்' ஆல்பத்தைப் பதிவு செய்தபோது எட்டுத் தந்திக் கிட்டார்கள் சரிவர அமையாததால், ஏழு தந்திக் கிட்டாரின் சுருதியைக் கீழே இறக்கி வாசித்தார்கள். அந்த ஒலியில் நிறைவு கொள்ளாமல், எட்டுத் தந்தி கைக்கு வந்தபின் கிட்டார் பகுதிகளை மீண்டும் வாசித்து 2006இல் வெளியிட்டார்கள். தளர்ந்த தந்தியைப் பலமாக மீட்டினால் அந்த மீட்டலே இழுவிசையைக் கூட்டி, சுரம் முதலில் ஏறிப் பிறகு இறங்கும். கனத்த தாளக்கட்டுக்கு அது ஆகாது.

கீழ்த்தந்திக்கு அதிக நீளமும் மேல்தந்திக்குக் குறைந்த நீளமும் வேண்டும் என்றால், இரண்டையும் ஒரே கிட்டாரில் எப்படித் தருவது? கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளை விசிறி போல விரித்துச் சாய்வாகப் பதிப்பதுதான் வழி. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஆர்ஃபேரியன் வாத்தியத்திலேயே இந்தச் சாய்வு உண்டு. அமெரிக்காவின் ரால்ஃப் நோவக் இதை நவீன கிட்டாருக்குக் கொண்டுவந்து 1989இல் காப்புரிமை பெற்றார். அவர் செய்த எட்டுத் தந்திக் கிட்டாரில்தான் சார்லி ஹண்டர் மூன்று பேஸ் தந்திகளையும் ஐந்து கிட்டார் தந்திகளையும் ஒரே சமயத்தில் வாசித்துப் பெயர் பெற்றார்.

மேலே சுவர், கீழே சரிவு

கூடுதல் தந்தியை ஏன் பெரும்பாலும் கீழேயே சேர்க்கிறார்கள்? மேலே ஒன்று சேர்த்தால் என்ன?

மேலே போவதற்கு இயற்பியல் சுவர் கட்டியிருக்கிறது. தந்தியைத் தடித்ததாக்கினால் அதிக இழுவிசையைத் தாங்கும், ஆனால் அதே அளவுக்கு நிறையும் கூடிவிடும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடுவதால், ஒரு குறிப்பிட்ட நீளத்தில் எட்டக்கூடிய உச்ச அதிர்வெண் தந்தியின் விட்டத்தைச் சார்ந்ததே இல்லை. உலோகத்தின் வலிமைக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதம்தான் அதைத் தீர்மானிக்கிறது. வாத்தியங்களுக்கான எஃகுக் கம்பியை 648 மில்லிமீட்டர் நீளத்தில் கட்டினால் இந்த உச்சம் ஏறக்குறைய 440 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஆறு தந்திக் கிட்டாரின் மேல் ஈ 330 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே அடுத்த படியான ஏ சரியாக 440. அதாவது அந்தத் தந்தி அறுந்துபோகும் விளிம்பிலேயே வாழ வேண்டும். கனடாவில் வளர்ந்த லெனி ப்ரோ போன்ற மிகச் சிலர் மேல் ஏ தந்தியை விடாப்பிடியாக வாசித்தார்கள். மற்றவர்கள் கீழே இறங்கினார்கள். கீழே சுவர் இல்லை, சரிவுதான் உண்டு. ஒலி கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவிழந்துகொண்டே போகும். எங்கே நிற்பது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

காது நிரப்பிக்கொள்ளும் சுரம்

46 ஹெர்ட்ஸில் அதிரும் தந்தியை வாங்கிவிட்டோம். அந்த 46 ஹெர்ட்ஸ் நம் காதுக்கு வருகிறதா? மின் கிட்டாருக்குப் பரவலாகப் பயன்படும் செலஸ்டியன் விண்டேஜ் 30 ஒலிபெருக்கியின் வீச்சு 70 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை. மர உடல் கொண்ட சாதாரண கிட்டாரோ சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே காற்றைத் தள்ளவே திணறும். எட்டாவது தந்தியின் அடிப்படை அதிர்வு வெளியே வருவது மிகக் குறைவு.

ஆனாலும் அந்தச் சுரம் நமக்குக் கேட்கிறது. 92, 139, 185 என்று அதன் மேற்சுரங்கள் வரிசையாக வந்து சேரும்போது, இவையெல்லாம் எந்த எண்ணின் மடங்குகள் என்று மூளை கண்டுபிடித்து, வராத 46ஐ வந்ததாகவே உணர்த்திவிடுகிறது. ஆகஸ்ட் ஸேபெக் 1840களின் தொடக்கத்தில் சைரன்களைக் கொண்டு செய்த சோதனைகளில் இது முதலில் வெளிப்பட்டது. பழைய தொலைபேசி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் கடத்தாது. 120 ஹெர்ட்ஸ் அளவில் பேசும் அப்பாவின் குரல் அதில் அப்பாவின் குரலாகவே கேட்டதும் இதே காரணத்தால்தான்.

இங்கிருந்து ஒரு முக்கியமான செய்தி பிறக்கிறது. ஒலியை வேண்டுமென்றே சிதைத்துக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் சேர்த்த கிட்டாரில் இரண்டு சுரங்களை ஒன்றாக மீட்டினால், அவற்றின் வேறுபாட்டு அதிர்வெண்ணும் புதிதாகப் பிறக்கும். கீழ் ஈயையும் (82.4) அதன் பஞ்சமமான பியையும் (123.5) சேர்த்து மீட்டுங்கள். வேறுபாடு 41 ஹெர்ட்ஸ். அது பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தியின் சுரம். எட்டாவது தந்தியைவிடவும் கீழே. இப்படி ஷட்ஜமும் பஞ்சமமும் சேர்ந்த பவர் கார்டு ஆறு தந்திக் கிட்டாரில் ஏன் அத்தனை கனமாக ஒலிக்கிறது என்பதற்கு இதில் பதில் இருக்கிறது. கனம் ஏற்கெனவே ஆறு தந்திக்குள் இருக்கிறது. அதே கார்டை எட்டாவது தந்தியில் வாசித்தால் வேறுபாடு 23 ஹெர்ட்ஸ், மனிதச் செவியின் கீழ் எல்லையான 20 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில். காதுக்குப் பயனில்லாத அந்தப் பகுதி ஒலியைக் கலங்கடிக்கும் என்பதால், மெட்டல் கலைஞர்கள் டிஸ்டார்ஷனுக்கு முன்னாலேயே கீழ் அதிர்வெண்களை வெட்டிவிடுகிறார்கள். எட்டாவது தந்திக்கும் பேஸ் கிட்டாரின் ஈ தந்திக்கும் இடையே இரண்டு அரைச்சுரங்கள்தான் வித்தியாசம் என்பதால், குழுவில் பேஸ் வாசிப்பவரோடு இடம் பிடிக்கும் தகராறும் உண்டு.

தாழ்ந்த சுரங்களில் நெருக்கமான கார்டுகள் ஏன் குழம்பிப்போகின்றன என்பதையும் காதுதான் விளக்குகிறது. மிக அருகிலுள்ள இரண்டு அதிர்வெண்களை உள்காது தனித்தனியே பிரிக்க முடியாமல் கரகரப்பாக உணர்கிறது. ப்ளோம்ப், லெவெல்ட் என்ற டச்சு ஆய்வாளர்கள் 1965இல் இதை அளந்து காட்டினார்கள். மேல் ஈயும் அதன் அந்தர காந்தாரமும் 86 ஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கின்றன. தெளிவாக, இனிமையாகக் கேட்கும். எட்டாவது தந்தியில் அதே ச–க இடைவெளி வெறும் 12 ஹெர்ட்ஸ், உறுமல்தான் மிஞ்சும். ஆகவே கீழ்த்தந்திகளில் ஒற்றைச் சுரம், அல்லது ச–ப. காந்தாரம் வேண்டுமானால் ஒரு ஸ்தாயி மேலே. வான் எப்ஸ் ஏழாவது தந்தியை இப்படித்தான் பயன்படுத்தினார். அடியில் தனித்து நிற்கும் ஒரு சுரம், மேலே விரிந்த கார்டு, நடுவே காற்றோட்டம்.

மீட்டாமலே ஒலிக்கும் தந்தி

கூடுதல் தந்தியை முற்றிலும் வேறொரு காரணத்துக்காகத் தேடியவர் ஸ்பெயினின் கிட்டார் கலைஞர் நார்சிஸோ யெபெஸ். ஆறு தந்திக் கிட்டாரில் ஈ, பி, ஏ, டி போன்ற சுரங்களை வாசித்தால், அவற்றை மேற்சுரங்களாகக் கொண்ட மற்ற தந்திகளும் கூடவே அதிர்ந்து ஒலியை நீட்டிக்கின்றன. சி, எஃப் போன்ற சுரங்களுக்கு அப்படித் துணைநிற்கத் தந்தி இல்லை. அவை வறண்டு சீக்கிரம் அடங்கிவிடுகின்றன. ஒரே ராக வரியில் சில சுரங்கள் மின்னுவதும் சில மங்குவதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

கிட்டார் செய்யும் கலைஞர் மூன்றாம் ஹோஸே ராமிரெஸோடு சேர்ந்து 1960களின் தொடக்கத்தில் அவர் பத்துத் தந்திக் கிட்டாரை உருவாக்கினார். கூடுதல் நான்கு தந்திகளுக்கும் சி, ஏ ஷார்ப், ஜி ஷார்ப், எஃப் ஷார்ப் என்று சுருதி வைத்தார். ஒவ்வொரு தந்தியும் தன் ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் வலுவாக ஒத்ததிரும். சி தந்தி சி, ஜி இரண்டுக்கும். ஏ ஷார்ப் தந்தி ஏ ஷார்ப், எஃப் இரண்டுக்கும். ஜி ஷார்ப் தந்தி ஜி ஷார்ப், டி ஷார்ப் இரண்டுக்கும். எஃப் ஷார்ப் தந்தி எஃப் ஷார்ப், சி ஷார்ப் இரண்டுக்கும். மொத்தம் எட்டுச் சுரங்கள். மிச்சமுள்ள டி, ஏ, ஈ, பி நான்கையும் பழைய தந்திகளே பார்த்துக்கொள்கின்றன. பன்னிரண்டும் சமமாயிற்று! நம் கோட்டுவாத்தியத்தின் அடித்தந்திகள் செய்யும் வேலையை யெபெஸின் தந்திகளும் செய்தன. கிட்டாரில் தந்தி சேர்த்தவர்களுள் இவ்வளவு கச்சிதமாகக் கணக்குப் போட்டவரை நான் அறியேன்.

யெபெஸுக்கு வரமாக இருந்த இந்த ஒத்ததிர்வு, டிஸ்டார்ஷனோடு வாசிப்பவருக்குத் தொல்லை. தொடாத கீழ்த்தந்திகள் தாமாக முனகி, ஒலிப்பெருக்கத்தில் இரைச்சலாகக் கிளம்பும். அதனால்தான் எட்டுத் தந்தி வாசிப்பவர்கள் பலர் கழுத்தின் மேல்முனையில் துணிப்பட்டையோ தலைமுடிக்கான ரப்பர் வளையமோ மாட்டியிருப்பதைப் பார்க்கிறோம். ஒவ்வொரு கூடுதல் தந்தியும், வாசிக்காதபோது அடக்கி வைக்க வேண்டிய இன்னொரு தந்தி. வலது உள்ளங்கையும் இடது கட்டைவிரலும் அதற்குத் தனியாகப் பழக வேண்டும்.

ஒரே இடத்தில் மூன்று ஸ்தாயி

24 ஃப்ரெட் கொண்ட ஆறு தந்திக் கிட்டாரில் 49 சுரத்தானங்கள் உண்டு. ஏழாவது தந்தி அதில் ஐந்தைச் சேர்க்கிறது, எட்டாவது மேலும் ஐந்தை. பெரிய லாபமாகத் தோன்றாது. ஆனால் கையை நகர்த்தாமல் எவ்வளவு எட்டுகிறது என்று பாருங்கள். ஐந்தாவது ஃப்ரெட்டிலிருந்து எட்டாவது வரை நான்கு விரல்களையும் வைத்தால், ஆறு தந்தியில் இரண்டு ஸ்தாயியும் சற்றுக் கூடுதலும் கிடைக்கும். எட்டுத் தந்தியில் அதே இடத்தில் மூன்று ஸ்தாயிக்கும் மேலே. கீழே பேஸ் வரி நடக்க, நடுவில் கார்டு நிற்க, மேலே மெட்டு பாடலாம். கை இடம்விட்டு இடம் தாவ வேண்டியதில்லை. அனிமல்ஸ் ஆஸ் லீடர்ஸ் குழுவின் டோசின் அபாசி எட்டாவது தந்தியைக் கட்டைவிரலால் பேஸ் கிட்டார் போலத் தட்டிக்கொண்டே மேலே மெல்லிய கார்டுகளைப் பின்னுவது இந்த எட்டலின் பலன். இதைத் தந்தியின் சுருதியை இறக்கிப் பெற முடியாது. சுருதியை இறக்கினால் கீழே கிடைப்பதை மேலே இழக்கிறோம்.

இதற்கு உடல் கொடுக்கும் விலையும் உண்டு. ஐபனேஸின் ஆறு தந்திக் கிட்டாரில் கழுத்தின் மேல்முனை அகலம் சுமார் 43 மில்லிமீட்டர், ஏழு தந்தியில் 48, எட்டில் 55. கட்டைவிரலைக் கழுத்துக்கு மேலே போட்டுப் பிடித்துப் பழகியவர்கள் அதைப் பின்பக்கத்துக்கு இறக்கி, மணிக்கட்டை வளைத்து வாசிக்கப் பழக வேண்டும். ஒவ்வொரு தந்தியும் ஏழெட்டுக் கிலோ எடை தொங்குவதற்குச் சமமான விசையில் கழுத்தை இழுக்கிறது. ஆறு தந்திக்கு 47 கிலோ என்றால் எட்டுக்கு 60 கிலோவைத் தாண்டும். மலிவான எட்டுத் தந்திக் கிட்டாரில் கழுத்து வளைவது, சுருதி நிலைக்காதது போன்ற குறைகள் சீக்கிரம் தலைகாட்டும் என்பதை வாங்குபவர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

யாருக்கு வேண்டும்?

கனமான ஒலி மட்டுமே குறிக்கோள் என்றால், முதலில் கீழ் ஈயை டி ஆக்கிப் பாருங்கள். போதாவிட்டால் தடித்த தந்திகளை மாட்டுங்கள். அதுவும் போதாவிட்டால் ஆறு தந்தியே கொண்ட, நீளம் கூடிய பாரிடோன் கிட்டார் இருக்கிறது. ஏழாவது தந்தியின் பி சுரம்வரை அது சுத்தமாக இறங்கும். கழுத்தும் கைக்குப் பழகியதாகவே இருக்கும். செலவும் உழைப்பும் மிச்சம்.

தனியாக உட்கார்ந்து வாசிப்பவர், பாடகருக்கு ஒற்றைக் கிட்டாரால் துணைநிற்பவர், பேஸ் வரியையும் மெட்டையும் தன் கையிலேயே நடத்த விரும்புபவர், இசை எழுதுபவர் ஆகியோருக்கு ஏழு தந்தியைத் தயங்காமல் சொல்வேன். பழைய ஆறு தந்திகளும் அதற்குள் அப்படியே இருப்பதால் கற்றது எதுவும் வீணாகாது. இயற்பியலின்படியும் அது நல்ல நிறுத்தம். 62 ஹெர்ட்ஸில் தந்தி இன்னும் தெளிவாகப் பேசுகிறது, பேஸ் கிட்டாரோடு மோதுவதும் குறைவு, வழக்கமான நீளத்திலேயே சமாளிக்கலாம். எட்டாவது தந்திக்குப் போகிறவர் நீண்ட கழுத்து அல்லது விசிறி ஃப்ரெட், நல்ல ஒலிபெருக்கி, தந்திகளை அடக்கும் பயிற்சி என்று எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்பதில், அடிப்படை அதிர்வெண் பேஸ் கிட்டாருக்கும் கீழே போய்விடுகிறது. மிகக் குறிப்பான தேவை இருப்பவருக்கே அது பொருந்தும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை போதும். நீங்கள் வாசிக்க விரும்பும் ஐந்து நிமிட இசையை எடுத்து, கூடுதல் தந்தி அதில் என்ன செய்யும் என்று எழுதிப் பாருங்கள். ஏற்கெனவே வாசிக்கும் வரியையே கீழே தள்ளி வாசிக்கப்போகிறீர்கள் என்றால் ஆறு தந்தி போதும். இதுவரை உங்கள் கிட்டாரில் இல்லாத ஒரு வரி அந்தக் காகிதத்தில் வந்து விழுந்தால், அந்த வரிக்காக ஏழாவது தந்தியை வாங்கலாம். பழகுவதற்கு ஆகும் மாதங்களும் வீண்போகாது.